போர் வந்தால் கடற்படைச் செலவு யார் தலையில்? ஆஸ்திரேலியக் காலனிகளின் கணக்கு

பிரிட்டனின் காலனிகள் பிரிட்டிஷ் கடற்படைக்குக் காசு கொடுத்தனவா, போர்க்காலத்தில் எப்படிப் பங்கிட்டன என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல உதாரணம் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும்தான்.

1887-இல் பிரிட்டனும் காலனிகளும் கூடிய லண்டன் மாநாட்டில் ஒப்பந்தம் போட்டார்கள். 5 குரூசர் (வேகமான போர்க்கப்பல்), 2 டார்பிடோ பீரங்கிப் படகுகளைப் பிரிட்டன் கட்டும், காலனிகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 1,26,000 பவுண்டு தரும்: கட்டிய செலவுக்கு வட்டியாக 35,000 வரை, பராமரிப்புக்கு 91,000 வரை. அமைதிக்காலத்தில் 3 குரூசரும் 1 பீரங்கிப் படகும்தான் ஓடும், மற்ற மூன்றும் ரிசர்வில் நிற்கும், போர் வந்து அவற்றையும் களத்தில் இறக்கினால் கூடுதல் செலவு பிரிட்டனுடையது. அதாவது போரால் ஏறும் செலவு காலனி கஜானாவைத் தொடாது. இதைவிட முக்கியமானது இன்னொரு நிபந்தனை: காலனி அரசுகள் சம்மதிக்காமல் அந்தக் கப்பல்களை ஆஸ்திரேலியக் கடல் எல்லையை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. பணம் கொடுத்தவன் கேட்க வேண்டிய நியாயமான உரிமை என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆனால் 1902 மாநாட்டில் அந்த நிபந்தனை போய்விட்டது. ஆஸ்திரேலியா 2,00,000, நியூசிலாந்து 40,000 பவுண்டு என்று தொகை ஏறியது, கப்பல்களோ சீனா, கிழக்கிந்தியக் கடல்கள் வரை போகலாம் என்றானது. கனடா காசே தர மறுத்தது. ஆஸ்திரேலியாவில் அதிருப்தி வளர்ந்து, சரி, சொந்தக் கடற்படையே வைத்துக்கொள்வோம் என்று முடிவானது. 1913 அக்டோபரில் அந்தச் சொந்தக் கடற்படையின் கப்பல்கள் சிட்னி துறைமுகத்துக்குள் வந்தன. அதில் ஒன்றான 'சிட்னி'தான், 1914 செப்டம்பரில் சென்னையைக் குண்டுவீசித் தாக்கிய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனை அதே ஆண்டு நவம்பரில் இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவருகே ஒழித்தது.