ரேங்க்கைப் பார்த்தாயிற்று, பாடத்தைப் பார்த்தீர்களா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வெளிநாட்டில் மாஸ்டர்ஸ் படிப்பது பற்றித்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து ஏழாகச் சுருக்கியிருக்கிறேன். சிலருக்கு நீளமான பதில், சிலருக்கு ஒரு வரி. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கே: இரண்டு ஆஃபர் வந்திருக்கிறது. ஒன்று பிரிட்டனில் ஓராண்டு எம்.எஸ்சி., உலகத் தரவரிசையில் நூறுக்குள் இருக்கும் பல்கலைக்கழகம். இன்னொன்று ஜெர்மனியில் இரண்டாண்டு, கல்விக் கட்டணம் கிடையாது, ஆனால் தரவரிசையில் நானூறுக்கு அப்பால். இப்போதுதான் இளநிலை முடிக்கிறேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு முதலாவதைத்தான் சொல்கிறார். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

ப: அப்பாவிடம் ஒன்று கேளுங்கள்: அந்த நூறு, எதையெல்லாம் எண்ணி வந்த நூறு? 2003-இல் தொடங்கிய ஷாங்காய் தரவரிசையில் 30 சதவீதம், அங்கே படித்தவர்களும் அங்கே வேலை பார்ப்பவர்களும் வாங்கிய நோபல் பரிசு, கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கக் கணக்கு. க்யூஎஸ் தரவரிசையில் 30 சதவீதம், மற்ற ஊர்ப் பேராசிரியர்களிடம் 'உங்கள் துறையில் எந்தப் பல்கலைக்கழகம் நல்லது' என்று கேட்டு வாங்கும் அபிப்பிராயம். சரி, நீங்கள் சேரப்போகும் வகுப்பில் நாற்பது பேரா இருநூற்று நாற்பது பேரா, தீசிஸ் எழுதும்போது வழிகாட்டி வாரம் ஒருமுறை பார்ப்பாரா மாதம் ஒருமுறை மின்னஞ்சலில் 'நன்றாகப் போகிறது, தொடரவும்' என்று போட்டுவிட்டுப் போவாரா என்பதெல்லாம் அதில் எங்கே இருக்கிறது? தேடிப் பாருங்கள், கிடைக்காது. ரேங்க்குக்கு மதிப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. வேலைக்கு ஆள் எடுப்பவர் தெரிந்த பெயரைப் பார்த்தால் ஒரு நொடி நிற்பார். அந்த ஒரு நொடிக்கு வீட்டில் எவ்வளவு கடன் வாங்கப் போகிறீர்கள் என்று மட்டும் கணக்குப் போடுங்கள்.

இப்போது காலண்டரை எடுங்கள். பிரிட்டனில் மாஸ்டர்ஸ் என்றால் 180 கிரெடிட் (படிப்பின் சுமையை அளக்கும் அலகு), அதில் பெரும்பாலும் 60 கோடையில் எழுதும் ஆய்வேட்டுக்குப் போய்விடும். செப்டம்பர் கடைசியில் போய் இறங்குவீர்கள், வங்கிக் கணக்கு திறந்து வகுப்பறை எங்கே என்று கண்டுபிடிப்பதற்குள் பெரிய நிறுவனங்கள் புதுப் பட்டதாரிகளுக்கான விண்ணப்பங்களைத் திறந்திருக்கும், பல இடங்களில் கிறிஸ்துமஸுக்குள் மூடியும் விடும். உங்கள் முதல் தேர்வு மதிப்பெண்ணே அப்போது வந்திருக்காது. படிப்பு முடிந்தபின் தங்கி வேலை தேடும் 'கிராஜுவேட் ரூட்' விசா இரண்டு ஆண்டு என்று இருந்தது, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம்தான். நீங்கள் முடிக்கும் மாதத்தோடு இதைப் பொருத்திப் பாருங்கள்.

ஜெர்மனியில் இரண்டாண்டு, 120 ஐரோப்பிய கிரெடிட் (பிரிட்டன் கிரெடிட் கணக்கு வேறு, இது வேறு), கடைசி செமஸ்டர் பெரும்பாலும் தீசிஸுக்கே. நடுவில் மூச்சு விட இடம் இருக்கும். வெளிநாட்டு மாணவர்கள் வருஷத்துக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம். பலர் தங்கள் துறை சார்ந்த நிறுவனத்திலேயே பகுதி நேரமாகச் சேர்ந்து, தீசிஸையும் அங்கேயே எழுதி, வேலையையும் அங்கேயே வாங்கிவிடுகிறார்கள். பட்டம் வாங்கிய பிறகு வேலை தேட 18 மாதம். அதற்காக ஜெர்மனி இலவசம் என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து கட்டணம் வைத்துவிட்டது. விசாவுக்கு முடக்குக் கணக்கில், அதாவது மாதாமாதம் கொஞ்சம்தான் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில், ஓராண்டுச் செலவைக் காட்ட வேண்டும், 2024 செப்டம்பரில் அதை 11,904 யூரோவாக உயர்த்தினார்கள். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும், வேலைக்கான நேர்காணல் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் நடக்கும், அதையும் மறந்துவிடாதீர்கள்.

மூன்று நாலு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஒரு குறிப்பிட்ட விஷயத்தைக் கற்றுக்கொள்ளப் போகிறவருக்கு ஓராண்டு கச்சிதம். நீங்கள் கல்லூரியிலிருந்து நேராக வருகிறீர்கள். என் ஓட்டு இரண்டாண்டுக்குத்தான். ஆனால் அந்தப் படிப்பின் 'மாடுல் ஹேண்ட்புக்' என்ற பிடிஎஃப் துறையின் தளத்திலேயே இருக்கும், அதை முழுக்கப் படிக்காமல் என் பேச்சைக் கேட்டுப் போய்விடாதீர்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை மணி நேரம், எழுத்துத் தேர்வா வாய்மொழியா, எந்த செமஸ்டரில் நடக்கும், எல்லாம் அதில் உண்டு. நூறு பக்கத்துக்கு மேல் இருக்கும், தூக்கம் வரும், பரவாயில்லை.

கே: பிறகு பி.எச்டி. செய்ய ஆசை. இத்தாலியில் 'மாஸ்டர் பர்ஸ்ட் லெவல்' என்று ஓராண்டுப் படிப்பு கிடைத்திருக்கிறது. சேரலாமா?

ப: வேண்டாம். இத்தாலியில் நாம் மாஸ்டர்ஸ் என்று சொல்வதற்கு 'லவுரேயா மஜிஸ்த்ராலே' என்று பெயர், இரண்டாண்டு, 120 கிரெடிட். 'மாஸ்டர்' என்றே பெயர் வைத்திருக்கும் படிப்பு அங்கே 60 கிரெடிட் தொழில்முறைப் படிப்பு, முதல் நிலை என்றால் பி.எச்டி.க்குக் கதவு திறக்காது. வேடிக்கைதான், பெயரில் மாஸ்டர் இருப்பது மாஸ்டர்ஸ் இல்லை. ஸ்பெயினிலும் இதே கதை: 'மாஸ்டர் ஓஃபிசியால்' அரசு அங்கீகரித்த பட்டம், பல்கலைக்கழகம் தன் பெயரில் மட்டும் கொடுக்கும் 'ப்ரோப்பியோ' வேறு ரகம். பிரான்சிலும் தேசிய மாஸ்டர் பட்டம் ஒன்று, கல்லூரிகளின் சங்கம் முத்திரை குத்தும் 'மாஸ்டேர் ஸ்பெஷலிசே' இன்னொன்று. எந்த நாடாக இருந்தாலும் சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரே கேள்வி எழுதுங்கள்: 'இந்தப் பட்டத்தை வைத்து உங்கள் பல்கலைக்கழகத்திலேயே நான் பி.எச்டி.க்கு விண்ணப்பிக்க முடியுமா?' ஆமாம் என்றோ இல்லை என்றோ நேராகப் பதில் வராவிட்டால் அதுவே பதில்.

கே: எஸ்.ஓ.பி.யை (ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் கட்டுரை) ஒருவரிடம் பணம் கொடுத்து எழுதி வாங்கலாமா?

ப: வாங்கலாம். அப்படியே படிக்கவும் அவரையே அனுப்பிவிடுங்கள்.

கே: அமெரிக்காவில் இரண்டு படிப்புகள், பாடங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்றுக்கு 'பிசினஸ் அனலிட்டிக்ஸ்', இன்னொன்றுக்கு 'மேனேஜ்மென்ட்' என்று பெயர். பெயரில் என்ன இருக்கிறது?

ப: இரண்டு வருஷம் இருக்கலாம். அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படித்தவர்கள் முடித்ததும் ஓ.பி.டி. என்று 12 மாதம் வேலை செய்யலாம். படிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால் மேலும் 24 மாதம். அந்தப் பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்பதைப் படிப்பின் பெயரோ, பாடமோ முடிவு செய்வதில்லை, சி.ஐ.பி. கோடு என்ற ஆறு இலக்க எண்தான் முடிவு செய்கிறது. ஒரே பெயருள்ள படிப்புக்கு ஒரு பல்கலைக்கழகம் ஒரு எண்ணும் பக்கத்துப் பல்கலைக்கழகம் வேறு எண்ணும் வைத்திருக்கும். விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் அது அச்சாகி வரும், ஆனால் அதுவரை காத்திருக்காமல் துறைக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள், சொல்வார்கள்.

இன்னொன்று. எச்-1பி என்ற வேலை விசாவில் வருஷத்துக்கு 65,000 பொது ஒதுக்கீடு, அதற்கு மேல் அமெரிக்க மாஸ்டர்ஸ் வைத்திருப்பவர்களுக்கு 20,000. அந்த 20,000-க்குள் வர, படித்த இடம் அரசுப் பல்கலைக்கழகமாகவோ லாப நோக்கமில்லாததாகவோ இருந்தாக வேண்டும், அங்கீகாரமும் பெற்றிருக்க வேண்டும். லாபத்துக்கு நடத்தும் இடங்கள் விளம்பரத்தில் இதைச் சொல்லாது. இத்தனையும் சொல்லிவிட்டு, விசாவுக்காக மட்டும் பிடிக்காத பாடத்தில் போய் உட்காராதீர்கள் என்றும் சொல்கிறேன். விசா விதி நடுவழியில் மாறும், புள்ளியியல் வகுப்பு அப்படியே இருக்கும்.

கே: இளநிலையில் வணிகவியல். மாஸ்டர்ஸில் கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்க முடியுமா?

ப: நாட்டைப் பொறுத்தது. பிரிட்டனில் 'கன்வர்ஷன்' மாஸ்டர்ஸ் என்று இதற்காகவே இருக்கிறது, வேறு துறையிலிருந்து வருபவர்களுக்கு அடிப்படையிலிருந்து சொல்லித்தருவார்கள். ஜெர்மனியில் பெரும்பாலானவை 'கான்சிக்யூட்டிவ்' வகை, அதாவது இளநிலையில் அதே துறையில் இத்தனை கிரெடிட் கணிதம், இத்தனை கிரெடிட் அல்காரிதம் என்று ஏற்கெனவே படித்திருக்க வேண்டும், இல்லையென்றால் மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் கதவு மூடியதுதான்.

பாதி பொருந்துகிறவர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு பெண், பொருளாதாரம் படித்தவள், டேட்டா சயன்ஸுக்கு விண்ணப்பித்தாள். ஒரு தாளை இரண்டாக மடித்து இடப்பக்கம் அந்தத் துறை கேட்கும் பாடங்கள், வலப்பக்கம் தன் பழைய பாடத்திட்டத்திலிருந்து அதற்கு ஈடான பகுதி, எத்தனை வாரம், எந்தப் பாடநூல், எந்த அத்தியாயம் வரைக்கும் என்று வரிவரியாக எழுதினாள். 'எக்கனாமெட்ரிக்ஸ் 2' என்ற தலைப்பை மட்டும் பார்த்தால் யாருக்கும் உள்ளே ரிக்ரஷன், மேட்ரிக்ஸ் என்று டேட்டா சயன்ஸுக்கு வேண்டிய கணிதம் இருந்தது தெரியாது. அந்த ஒரு பக்கத்தை விண்ணப்பத்தோடு இணைத்தாள், இடம் கிடைத்தது. சேர்க்கைக் குழுவில் இருப்பவர் நூற்றுக்கணக்கான விண்ணப்பம் படிக்கிறவர், உங்கள் பழைய பாடத்திட்டத்தைத் தேடிப்போய்ப் படிக்க அவருக்கு நேரமிருக்காது.

கே: ஏஜெண்ட் மூன்று நாளில் டெபாசிட் கட்டச் சொல்கிறார். இல்லாவிட்டால் இடம் போய்விடுமாம்.

ப: பல ஏஜெண்டுகளுக்குச் சம்பளமே பல்கலைக்கழகம் தரும் கமிஷன்தான், நீங்கள் சேர்ந்தால்தான் அவருக்கு வரும். அவசரம் அவருடையது. ஆஃபர் லெட்டரில் கடைசித் தேதி அச்சாகியிருக்கும், அதைப் பாருங்கள். பிறகு விசா மறுக்கப்பட்டால் டெபாசிட் திரும்ப வருமா, எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள் என்று பல்கலைக்கழகத்துக்கே நேரடியாக, உங்கள் சொந்த மின்னஞ்சலிலிருந்து எழுதுங்கள். விண்ணப்பத்தில் உங்கள் மின்னஞ்சலுக்குப் பதிலாக ஏஜெண்ட் தன்னுடையதைக் கொடுத்திருந்தால் முதல் வேலையாக அதை மாற்றச் சொல்லுங்கள்.

கே: இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் படித்தபோது எல்லாம் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தீர்களா?

ப: மாட்டிக்கொண்டேன். ஒரே ஒரு பேராசிரியருக்காக ஒரு பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான். அவர் எழுதிய கட்டுரைகளை வரி விடாமல் படித்திருந்தேன், விண்ணப்பத்தில் அவர் பெயரை மூன்று இடத்தில் போட்டிருந்தேன். போன முதல் வாரமே அவர் அறையைத் தேடிப் போனேன். மூன்றாவது மாடி, கடைசிக் கதவு. கதவில் டேப் போட்டு ஒட்டிய ஒரு சின்னத் தாள்: ஓராண்டு ஆய்வு விடுப்பு, அடுத்த செப்டம்பரில் திரும்புவேன். படிப்போ ஓராண்டுதான். கையேட்டில் போட்டிருந்த பதினெட்டு விருப்பப் பாடங்களில் அந்த வருஷம் நடந்தது ஏழு, அவர் பாடம் அந்த ஏழில் இல்லை. இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டிருந்தால் துறைச் செயலாளர் சொல்லியிருப்பார். கேட்கத் தோன்றவில்லை, கேட்டால் ஆஃபரைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று ஒரு அசட்டுப் பயம் வேறு.

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்று, அதே மூன்றாவது மாடியில் அவரைப் பார்த்தேன். கையில் பெட்டி, அறையைத் திறந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்து, "புது மாணவரா? வாருங்கள், வாருங்கள்" என்றார்.