எஸ்.பி.எம். ஆண்டில் ஓட்டப் பயிற்சி வேண்டாமா?

சகோதரிக்கு வணக்கம்.

ஐந்தாம் படிவ முடிவில் வரும் மலேசிய அரசுத் தேர்வான எஸ்.பி.எம். முடியும்வரை மகளைக் குறுக்கோட்டப் பயிற்சிக்கு அனுப்புவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த மாலைகளில் கூடுதல் கணிதத்துக்கு இன்னொரு டியூஷனும் சேர்த்துவிட்டீர்கள். உங்கள் பயம் புரிகிறது. பினாங்கில் என்னிடம் வரும் பெற்றோர் பலரும், பிள்ளை ஐந்தாம் படிவத்துக்கு வந்ததும் முதலில் கைவைப்பது விளையாட்டில்தான். ஆனால் இந்த முடிவு அவளுடைய படிப்பையே பாதிக்குமோ என்று கவலைப்படுகிறேன்.

1999இல் கலிபோர்னியாவின் சால்க் ஆய்வுக்கூடத்தில் ஹென்ரியட் வான் பிராக் குழுவினர் சுண்டெலிகளை ஆராய்ந்தார்கள். சிலவற்றின் கூண்டில் ஒரு சுழல் சக்கரம் இருந்தது. யாரும் விரட்டவில்லை, விரும்பியபோது ஏறி ஓடலாம். வேறு சிலவற்றுக்கு நீர்த்தொட்டியில் பாடம்: கலங்கிய நீருக்கு அடியில் ஒரு மேடை மறைந்திருக்கும். நீந்தித் தேடி, அது இருக்கும் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியில், ஓடிய எலிகளிடம் பிழைத்து நின்ற புதிய செல்கள் இரு மடங்காயின. தொட்டியில் பாடம் மட்டும் படித்தவற்றிடம் அந்த மாற்றம் இல்லை. டியூஷனுக்காக ஓட்டத்தை விலையாகக் கொடுக்கும் முன் இதைக் கொஞ்சம் யோசியுங்கள். அதே ஆண்டு வெளிவந்த இன்னோர் ஆய்வில், ஓடும் எலிகள் மற்றவற்றைவிட விரைவாக அந்த மேடையைக் கண்டுபிடிக்கக் கற்றன. ஹிப்போகேம்பஸில் நரம்பணு இணைப்புகள் வலுப்பெறும் திறனும் அவற்றிடம் கூடியிருந்தது.

எலி வேறு, பிள்ளை வேறு. வெறுங்கூண்டில் வளரும் எலிக்குச் சக்கரம் ஒன்றே பெரிய மாற்றம். ஓடினால் 'ஏ' வந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். கணக்கை அவள்தான் போட்டுப் பழக வேண்டும். ஆனாலும் 2011இல் அமெரிக்காவில் 120 முதியவர்களை வைத்து நடந்த ஆய்வில், வாரம் மூன்று நாள் என ஓராண்டு நடைப்பயிற்சி செய்தவர்களின் ஹிப்போகேம்பஸ் சுமார் 2 விழுக்காடு பெருத்தது. மனிதருக்கும் இது பொருந்தும் என்று நம்ப இடம் இருக்கிறது.

புதிதாகப் பிறக்கும் செல் முதிர்ந்து மற்றவற்றோடு இணைய வாரக்கணக்கில் ஆகும். ஆகவே இப்போது நிறுத்திவிட்டுத் தேர்வுக்கு முந்தின வாரம் ஓடச் சொல்வதில் பயனில்லை.

இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். அரசுப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வுக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. கடும் போட்டியுள்ள துறைகளில் ஒரு புள்ளிகூட இடத்தைப் பறித்துவிடும். கையில் இருப்பதை ஏன் விடவேண்டும்?

வாரம் மூன்று மாலை பயிற்சி தொடரட்டும். புதிய டியூஷனைச் சனிக்கிழமை காலைக்கு மாற்ற முடியுமா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். பள்ளித் திடல் கிடைக்காத நாளில் தண்ணீர்மலைக் கோயில் படிகள் போதும். முடிந்தால் நீங்களும் உடன் ஏறுங்கள். தேர்வு நடக்கும் வாரங்களில் மட்டும் அரை மணி நேர மெல்லோட்டமாகக் குறைத்துக்கொள்ளலாம். அவள் ஓடிய போட்டிகளின் சான்றிதழ்களை இப்போதே பயிற்றுநரிடமிருந்து வாங்கி ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்; விண்ணப்பிக்கும்போது தேவைப்படும்.