‘ரத்து செய்’ பொத்தானைத் தொடும் முன்

கேள்வி: வேலை நேர்காணல் ஒன்றுக்காக இரண்டு மாதம் முன்பே விமான டிக்கெட் எடுத்தேன். பணம் திரும்பக் கிடைக்காத, விலை குறைந்த வகை. இப்போது புறப்படும் நேரத்தை ஒன்பது மணி நேரம் தள்ளிவைத்திருப்பதாக விமான நிறுவனம் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. அதில் போனால் நேர்காணல் முடிந்த பிறகுதான் போய் இறங்குவேன். செயலியில் ரத்து செய்யப் போனால் ‘ரீஃபண்ட் தொகை: பூஜ்யம்’ என்று காட்டுகிறது. அவ்வளவுதானா?

பதில்: பொத்தானை அழுத்தாமல் விட்டீர்களே, நல்லதாயிற்று. ரீஃபண்ட் கிடையாது என்ற நிபந்தனை, நீங்களாகப் பயணத்தைக் கைவிடும்போது பொருந்துவது. இங்கே சொன்ன நேரத்தை மாற்றியது அவர்கள். ஆனால் நீங்கள் கேன்சல் செய்தால் கணினிக்கு அது தெரியாது. ‘பயணி ரத்து செய்தார்’ என்று பதிந்துகொண்டு முழுவதையும் பிடித்துவிடும். அப்புறம் அந்தப் பதிவை மாற்ற வைப்பது பெரும்பாடு.

எவ்வளவு நேரம் தள்ளிப்போனால் பணம் கேட்கலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 2024-இல் வந்த விதிப்படி, உள்நாட்டுப் பயணம் 3 மணி நேரமோ வெளிநாட்டுப் பயணம் 6 மணி நேரமோ தள்ளிப்போய், நீங்கள் அதை ஏற்காவிட்டால் பணத்தைத் தந்தாக வேண்டும். கிரெடிட் கார்டு என்றால் 7 வேலை நாளுக்குள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதியில் 5 மணி நேரத் தாமதம் போதும், கெடு 7 நாள். இவை பொருந்தாத பயணம் என்றால், நிறுவனத்தின் பயண நிபந்தனைகளில் நேர மாற்றம் பற்றிய பகுதியைத் தேடிப் படியுங்கள். அங்கே எழுதியிருப்பதையே எடுத்துக்காட்டிக் கேட்டால் மறுப்பது கடினம்.

‘இந்த நேர மாற்றத்தை நான் ஏற்கவில்லை, பணம் செலுத்திய வழியிலேயே முழுத் தொகையையும் திருப்பித் தரவும்’ என்று பிஎன்ஆர் எண்ணோடு எழுதி அனுப்புங்கள். போனில் பேசியதற்குச் சாட்சி இராது. பதிலுக்கு வவுச்சர் (பணத்துக்குப் பதில் அடுத்த டிக்கெட்டுக்குக் கழித்துக்கொள்ளும் கூப்பன்) தருகிறோம் என்பார்கள், கூடக் கொஞ்சம் சேர்த்துக்கூடத் தருவார்கள். ‘ஏற்கிறேன்’ என்று ஒருமுறை தட்டிவிட்டால் பணமாகக் கேட்கும் வாய்ப்பு பெரும்பாலும் போய்விடும். 2020-இல் கொரோனா காலத்தில் அப்படி வாங்கிவைத்து, காலாவதியாகும்வரை பயன்படுத்த முடியாமல் போனவர்கள் ஏராளம்.

வானிலை சரியில்லை, எங்கள் கையில் இல்லை என்றும் சொல்லக்கூடும். அது நஷ்டஈடு கேட்டால் சொல்ல வேண்டிய பதில். நீங்கள் கேட்பது கிடைக்காத சேவைக்குக் கொடுத்த பணத்தை.

கேள்வி: விமானம் ரத்தாகி இரண்டு மாதம் ஆகிறது. டிக்கெட் எடுத்த இணையதளத்தைக் கேட்டால் ஏர்லைனைக் கேளுங்கள் என்கிறார்கள். ஏர்லைனைக் கேட்டால் எதிர்ப்பக்கம் கை காட்டுகிறார்கள்.

பதில்: முதலில் கார்டு ஸ்டேட்மென்ட்டைப் பாருங்கள். பணம் யார் பெயரில் போயிருக்கிறதோ, அவரைத்தான் நெருக்க வேண்டும். இணையதளத்தின் பெயர் இருந்தால், ‘ரீஃபண்டை விடுவித்துவிட்டீர்களா, எந்தத் தேதியில்’ என்று மட்டும் ஏர்லைனிடம் எழுத்தில் கேளுங்கள். அந்தத் தேதி கையில் இருந்தால் இணையதளம் சாக்குச் சொல்ல முடியாது. அவர்கள் எடுத்த சேவைக் கட்டணம் மட்டும் திரும்பி வருவது சந்தேகம்.

அதற்கும் மசியவில்லையா? கார்டு வங்கியிடம் ‘சேவை வழங்கப்படவில்லை’ என்று சார்ஜ்பேக், அதாவது கார்டில் போன பணத்தை வங்கி மூலமே திரும்பப் பெறுவது, கேளுங்கள். அதற்குக் கெடு உண்டு. இரண்டு மாதம் ஏற்கெனவே போய்விட்டது, இன்றே வங்கியில் விசாரியுங்கள்.

கேள்வி: எனக்கே உடம்பு சரியில்லாமல் போய், பயணத்தைக் கைவிட நேர்ந்தால்?

பதில்: அப்போது ‘ரீஃபண்ட் கிடையாது’ என்ற நிபந்தனை உங்களைக் கட்டுப்படுத்தும். இருந்தாலும் விமானம் கிளம்பும் முன் ரத்து செய்துவிடுங்கள். சும்மா போகாமல் இருந்தால் திரும்பி வரும் டிக்கெட்டும் பெரும்பாலும் சேர்ந்தே ரத்தாகிவிடும். டிக்கெட் விலையில் விமான நிலைய வரி என்று ஒரு பங்கு இருக்கும். அதைப் பல நிறுவனங்கள் கேட்டால் தருகின்றன, கேட்காதவருக்குத் தாமாக அனுப்புவது அபூர்வம். எரிபொருள் கட்டணமும் வரி மாதிரியே தோன்றும், ஆனால் அது நிறுவனம் தனக்காக வசூலிப்பது, வராது. பயணக் காப்பீடு எடுத்திருந்தால் மருத்துவச் சான்றைப் பயணத் தேதிக்கு முன்பே வாங்கிவையுங்கள்.