வெந்நீரும் வேர்க்கன்றும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் ஆறு ஆண்டுகள் குடியிருந்த தனிவீட்டின் கொல்லையில் ஒரு குண்டுமல்லியும் ஒரு கறிவேப்பிலையும் வைத்து வளர்த்தேன். சென்ற மாதம் வீட்டுக்காரர் திடீரென்று காலி செய்யச் சொன்னதோடு, வெள்ளையடிக்க என்று முன்பணத்தில் ஒரு தொகையையும் பிடித்துக்கொண்டார். நான் வளர்த்ததை அவர் அனுபவிக்கக் கூடாது என்ற ஆத்திரத்தில், கிளம்பும் நாளன்று மல்லிகையின் அடியில் ஓர் அண்டா வெந்நீரை ஊற்றிவிட்டு வந்தேன். இப்போதிருப்பது இரண்டாம் மாடி, மேற்கு பார்த்த பால்கனி. இனி வாடகை வீட்டு மண்ணில் எதையும் நடுவதாக இல்லை. பைகளில் வளர்க்க எந்தச் செடிகள் இந்த வெயிலைத் தாங்கும்? தென்னை நார்க்கழிவு எவ்வளவு கலக்க வேண்டும்? வீட்டில் முருங்கை வைக்கக் கூடாது என்பது உண்மையா?

ர., குரோம்பேட்டை

அன்புள்ள ர.,

கிளை எளிதில் முறியும், கம்பளிப்பூச்சி அடையும் என்பதைத் தவிர முருங்கையின் மீது வேறு குற்றம் இல்லை. நார்க்கழிவு மூன்றில் ஒரு பங்கு போதும். இவற்றை எவரும் சொல்லிவிடுவார்கள். உங்கள் கடிதத்தில் என்னை அன்றிரவு முழுவதும் தொந்தரவு செய்தது அந்த அண்டா வெந்நீர்தான்.

உங்கள் கோபம் நியாயமானது. ஆறு ஆண்டு குடியிருந்தவரை அப்படி அனுப்பியிருக்கக் கூடாது. ஆனால் கோபம் வீட்டுக்காரர் மேல், வெந்நீர் மல்லிகையின் மேல் என்றால் அது என்ன வீரம்? சட்டம்கூட உங்கள் பக்கம்தான் இருந்தது. மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, வீடு தம் வசத்தில் இருக்கும்போதே, தாம் மண்ணோடு சேர்த்தவற்றைக் குடியிருப்பவர் எடுத்துச் செல்லலாம், இடத்தைப் பெற்றபடியே திருப்பித் தந்தால் போதும் என்கிறது 1882-ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு. மண்ணோடு சேர்ந்தவை என்பதில் மரமும் புதர்ச்செடியும் அடங்கும் என்று அதே சட்டம் தொடக்கத்திலேயே விளக்கியும் இருக்கிறது. எடுத்துச் செல்லலாம் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அவித்துவிட்டுப் போகலாம் என்று எழுதவில்லை.

என் தந்தை தபால் துறையில் இருந்தார். மாயவரம், திருவாரூர், பொள்ளாச்சி, திண்டுக்கல், கடைசியாக மதுரை என்று ஐந்து ஊர்களில், மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒரு வீடாக வாழ்ந்தோம். குடிபோன முதல் வாரமே கொல்லையில் கறிவேப்பிலை நட்டுவிடுவார். “வாடகை வீட்டுக்கு வேர் எதற்கு?” என்று அம்மா கேட்பாள். அப்பா பதில் சொல்ல மாட்டார். மாற்றல் உத்தரவு வந்ததும், செடியைச் சுற்றி வேரிலிருந்து கிளம்பியிருக்கும் கன்றுகளில் சுண்டுவிரல் தடிமனுள்ள ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மண்ணை விலக்கி, அது தாய்வேரோடு சேரும் இடத்தைக் கத்தியால் அறுத்து, சல்லிவேரில் பிடித்த மண் உதிராதபடி தூக்கி, அடியில் ஆணியால் ஓட்டையிட்ட டால்டா டப்பாவில் வைத்துக் கிணற்றடி நிழலில் விட்டுவிடுவார். பீரோவும் அம்மியும் லாரியில் போகும். டப்பா மட்டும் பேருந்தில் அவர் மடியில் வரும். விதை எடுத்துப் போகலாமே என்று ஒருமுறை கேட்டேன். அந்த விதை சில வாரங்களிலேயே முளைப்புத் திறனை இழந்துவிடும், மாற்றல் உத்தரவு பழக்காலம் பார்த்து வருவதில்லை என்றார்.

இதில் நான் பல ஆண்டுகள் தவறாகவே நினைத்துக்கொண்டிருந்த ஒன்று உண்டு. வேர்க்கன்றைத் தாய்ச்செடியின் பிள்ளை என்று சொல்கிறோம். அது பிள்ளை அல்ல. விதையில் பிறப்பதுதான் பிள்ளை. வேரிலிருந்து கிளம்புவது அதே செடி, வேறோர் இடத்தில் தலைகாட்டுகிறது, அவ்வளவுதான். கொடியை வளைத்து மண்ணில் புதைக்கும் பதியனும், கிளையை வெட்டி நடும் போத்தும் அப்படியே. மாயவரத்து வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். இருந்தாலும் அங்கே அப்பா நட்ட செடியிலிருந்துதான் இன்று காலையும் மதுரையில் என் மனைவி ரசத்துக்கு ஓர் ஈர்க்குக் கிள்ளினாள். அப்பா எதையும் இழக்காமல் ஊர் மாறினார். அவர் விட்டுவந்த ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் ஒரு மரம் மிஞ்சியது. உங்கள் கணக்கில் வீட்டுக்காரருக்கும் பூ இல்லை, உங்களுக்கும் பூ இல்லை.

மல்லிகைக்கு இது இன்னும் எளிது. தரையோரம் உள்ள முற்றிய கொடியை வளைத்து, கணுவுக்கு அடியில் லேசாகச் சீவி, மண்ணில் புதைத்து மேலே ஒரு கல்லை வைத்தால் மூன்று நான்கு மாதங்களில் வேர்விடும். காலி செய்யச் சொன்ன பிறகு செய்கிற வேலை அல்ல இது. குடிபோன இரண்டாம் ஆண்டே செய்துவைத்திருக்க வேண்டும். ஆறு ஆண்டுகள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? கறிவேப்பிலைக்கு என்ன நேர்ந்தது என்று நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

ஓர் அண்டா வெந்நீர் மேல்மண்ணை அவித்திருக்கும். ஆறு வயதுச் செடியின் ஆழத்து வேர் வரை சூடு இறங்கியிருக்காது என்றே நம்புகிறேன். கவாத்தின்போது முழங்கால் உயரத்துக்கு வெட்டினாலும் அடியிலிருந்து தளிர்க்கிற செடி அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். புதிதாகக் குடிவந்தவர்களிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லி, ஒரு பதியன் போட்டுக்கொள்ள இடம் கேளுங்கள். நீங்கள் கேட்ட மேற்கு வெயிலுக்கு மல்லிகையே தாங்கும்.