மூடுபனியிலும் மதுரை நெரிசலிலும் கார் ஓட்டுவது: கேள்வி பதில்

வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்குப் பல ஆண்டுகள் பேருந்து ஓட்டியவன் நான். ஓய்வுக்குப் பிறகு மதுரையில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து வருகிறேன். மார்கழி பிறக்கப் போவதால் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

வாடிப்பட்டியிலிருந்து: விடியற்காலையில் திண்டுக்கல் நான்குவழிச் சாலையில் பனி மூடினால் எந்த வேகத்தில் போகலாம் ஐயா?

கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குள் உங்கள் வண்டி நிற்குமா என்பதை வைத்தே வேகத்தை முடிவு செய்யுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. எதிரே ஏதோ நிற்பதைக் கண்டு, கால் பிரேக்குக்குப் போய்ச் சேர ஒன்றரை விநாடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், பிரேக் பிடிப்பதற்கு முன்பே 25 மீட்டர் கடந்திருக்கும். காய்ந்த சாலையும் நல்ல டயரும் இருந்தாலும் அதன்மேல் இன்னொரு 20 மீட்டர் வேண்டும். ஆக, நான்கு பேருந்துகளை வரிசையாக நிறுத்திய நீளம். முப்பது மீட்டருக்கு அப்பால் தெரியாத பனியில் 40 கிலோமீட்டர்தான் எல்லை. சாலை ஈரமாக இருந்தால் அதையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

பனிக்குள் ஓரத்து மரங்கள் தெரிவதில்லை என்பதால், வண்டி மெதுவாகப் போவதாகவே மனம் நம்பிக்கொண்டிருக்கும். முள் 70-ஐத் தொட்டிருக்கும். அடிக்கடி ஸ்பீடாமீட்டரைப் பாருங்கள். ஒரு தை மாத விடியலில் சமயநல்லூர் தாண்டியதும் சாலையில் வைக்கோல் உதிர்ந்து கிடப்பதைக் கண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். சற்று நேரத்தில் பின்விளக்கே இல்லாத வைக்கோல் டிராக்டர் ஒன்று முன்கண்ணாடியை மறைத்துக்கொண்டு நின்றது. அன்று என்னைக் காப்பாற்றியது அந்த வைக்கோல்தான், என் முன்விளக்கு அல்ல.

பரவையிலிருந்து: ஹை பீம் போட்டால் கூடுதலாகத் தெரியாதா?

தெரியாது. பனித்துளிகள் அந்த வெளிச்சத்தை உங்கள் கண்ணுக்கே திருப்பி அனுப்பி, எதிரே வெள்ளைச் சுவர் எழுப்பியதுபோல் ஆக்கிவிடும். தரையை நோக்கித் தாழ்ந்து விழும் லோ பீம் போதும். புதிய கார்களில் ஸ்டார்ட் செய்ததும் முன்னால் தானாக எரியும் டிஆர்எல் விளக்கை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். பெரும்பாலான கார்களில் அதனோடு பின்விளக்கு எரிவதில்லை. சுவிட்சைத் திருகி லோ பீமைப் போட்டால்தான் பின்னால் வருபவருக்கு நீங்கள் இருப்பதே தெரியும்.

பதினொரு பேர்: பனியில் நான்கு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓட்டலாமா?

ஓட்டக் கூடாது. நான்கும் சேர்ந்து மின்னினால் "என் வண்டி நிற்கிறது" என்று பொருள். ஓடும் வண்டியில் அதைப் போட்டால், பின்னால் வருபவர் நிற்கும் வண்டி என்று எண்ணி வலப்பக்கம் ஒதுங்கிக் கடக்கப் பார்ப்பார். நீங்களோ அதே நேரத்தில் வலப்பக்கம் திரும்பிக்கொண்டிருக்கலாம். நான்கும் மின்னும்போது நீங்கள் திரும்பப் போவதைக் காட்ட வேறு வழியும் இல்லை. வண்டியை நிறுத்திய பிறகு தாராளமாகப் போடுங்கள். பின்பக்க ஃபாக் லேம்ப், அதாவது மூடுபனி விளக்கு, இருந்தால் பனியில் அதைப் போடுங்கள். பனி விலகியதும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் பின்னால் வருபவரின் கண் கூசும்.

தல்லாகுளத்திலிருந்து, ஒரு பொறியாளர்: மஞ்சள் ஒளி பனியை ஊடுருவும் என்பது இயற்பியல். வெள்ளை ஃபாக் லேம்ப் வீண் செலவு என்று நீங்கள் ஏன் சொல்வதில்லை?

அது உண்மையில்லை என்பதால்தான். நீங்கள் சொல்லும் இயற்பியல், ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்களுக்குப் பொருந்தும். வானம் நீலமாகத் தெரிவதற்கு அதுவே காரணம். பனித்துளியோ பல மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) பருமன் உடையது, கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஒரு மைக்ரானைக்கூட எட்டுவதில்லை. அவ்வளவு பெரிய துளி எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் சிதறடிக்கும். மூடுபனி வெள்ளையாகத் தெரிவதே அதற்குச் சாட்சி. ஃபாக் லேம்ப் உதவுவது அதன் நிறத்தால் அல்ல, அது இருக்கும் இடத்தால். பம்பருக்குக் கீழே தாழ்வாக இருந்து, மேல்நோக்கி எழாமல் அகலமாகத் தரையை மட்டும் காட்டுவதால் சாலையோர வெள்ளைக் கோடு தெரிகிறது.

அவரே மீண்டும்: அப்படியானால் பிரான்சில் மஞ்சள் முன்விளக்கைச் சட்டமாகவே வைத்திருந்தார்களே?

வைத்திருந்தார்கள், 1993-இல் கைவிட்டும் விட்டார்கள். மஞ்சள் ஒளி கண்ணைக் குறைவாகக் கூசச் செய்வதாகச் சிலர் உணர்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கண்ணுக்கு இதமாக இருப்பது ஒன்று, பனியைத் துளைப்பது வேறொன்று.

மேலும் மூவர், அவருக்கு ஆதரவாக: பழைய லாரிக்காரர்கள் மஞ்சள் தாளை ஒட்டினார்களே, அவர்களுக்குத் தெரியாததா?

அந்த லாரிகளை நானும் பார்த்திருக்கிறேன். தாள் ஒட்டியதும் வெளிச்சம் குறைந்தது, குறைந்ததால் திருப்பி அடிக்கும் கூச்சமும் குறைந்தது, அதை அவர்கள் நிறத்தின் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். இந்த வழக்கை இதோடு முடித்துக்கொள்வோம். மஞ்சளோ வெள்ளையோ, அது தரும் துணிவில் வேகத்தைக் கூட்டினால் இரண்டும் ஒன்றுதான்.

சோழவந்தானிலிருந்து: கொடைக்கானல் மலைப்பாதை தொடங்கும் காட்ரோட்டுக்கு மேலே பனி திடீரென இறங்குகிறதே, என்ன செய்வது?

நம் ஊர்ப் பக்கம் தரை குளிர்ந்து உண்டாகும் பனி வெயில் ஏறியதும் கலையும். மலையில் இருப்பது மேகம். பிற்பகல் மூன்று மணிக்கும் வந்து உட்காரும், எப்போது எழுந்து போகும் என்று சொல்ல முடியாது. வளைவுக்கு முன்பே ஹாரன் அடியுங்கள், பக்கக் கண்ணாடியைச் சற்று இறக்கி எதிரே வரும் ஹாரனுக்குக் காது கொடுங்கள், முந்தவே முந்தாதீர்கள். குறுகலான இடத்தில் மேலேறும் வண்டிக்கே முதலிடம் என்பது சாலை விதி. இறங்கும்போது இரண்டாவது கியரில் இன்ஜினே வண்டியைப் பிடிக்கட்டும்; பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்கினால் அது சூடேறி, தேவைப்படும் நேரத்தில் பிடிக்காது.

திருநகரிலிருந்து: கண்ணாடியில் ஆவி படிகிறது, துடைத்தாலும் மீண்டும் வருகிறது.

விரலால் உட்புறம் தேய்த்துப் பாருங்கள். உள்ளே ஈரம் என்றால் ஏசியைப் போட்டு, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்து, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்புங்கள். வெளியே ஈரம் என்றால் ஏசி கண்ணாடியை மிகவும் குளிர வைத்திருக்கிறது. குளிர்ச்சியைக் குறைத்து வைப்பரைப் போடுங்கள்.

செல்லூரிலிருந்து: கோரிப்பாளையத்தில் ஷேர் ஆட்டோக்கள் சொல்லாமல் கொள்ளாமல் நிற்கின்றன. பைக்குகள் இடப்பக்கம் நுழைகின்றன. எப்படிச் சமாளிப்பது?

ஆட்டோவைப் பார்க்காதீர்கள், சாலையோரம் நிற்பவரின் கையைப் பாருங்கள். கை உயர்ந்தால் ஆட்டோ நிற்கும், அதன் பின்விளக்கு எரியாவிட்டாலும் நிற்கும். இடப்பக்கம் திரும்புவதற்குச் சற்று முன்பே காரை இடது ஓரத்தை ஒட்டிக் கொண்டுவந்துவிட்டால் பைக் நுழைய இடமிருக்காது. இடத்தை விட்டுவிட்டுக் கடைசி நொடியில் திரும்புவதுதான் ஆபத்து. நிறுத்திய காரிலிருந்து இறங்கும்போது வலக்கதவை இடக்கையால் திறந்து பழகுங்கள். உடம்பு தானாகவே திரும்பி, பின்னால் வரும் பைக் கண்ணில் படும்.

எல்லீஸ் நகரிலிருந்து: முகூர்த்த நாளில் மாசி வீதிகளுக்குக் காரில் போகலாமா?

நடந்து போங்கள்.

விரகனூரிலிருந்து: விபத்துக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா?

உங்கள் பாலிசி கொடுத்தவரிடம் கேளுங்கள்.

ஆனையூரிலிருந்து: மெதுவாகப் போகும்போது மட்டும் நான்கு இண்டிகேட்டர் போடலாமா?

மெதுவாகப் போனாலும் ஓடும் வண்டிதான். மேலே சொன்ன பதிலைப் படியுங்கள்.

உசிலம்பட்டியிலிருந்து: ஒன்றுமே தெரியாத அளவுக்குப் பனி வந்துவிட்டால்?

நிறுத்துங்கள், ஆனால் சாலை ஓரத்தில் அல்ல. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நிற்கும் வண்டியின் பின்விளக்கைக் கண்டு, அதுதான் பாதை என்று நம்பிப் பின்னாலேயே வந்து மோதியவர்கள் உண்டு. பெட்ரோல் பங்க்கிலோ டீக்கடை முற்றத்திலோ முழுவதுமாக உள்ளே ஏற்றி நிறுத்துங்கள். எட்டு மணி வெயிலுக்குள் பெரும்பாலும் கலைந்துவிடும். வீட்டுக்கு ஒரு போன் செய்து, தாமதமாகும் என்று சொல்லிவிடுங்கள்.