வேலைக்குப் போனால் பென்ஷன் நிற்காது, எம்.பி.ஏ.வுக்குப் போனால் கையிருப்பு நிற்காது

வேலூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் மகனைப் பற்றி நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். மகன் பத்தாம் வகுப்பு முடித்து 2005-இல் ராணுவத்தில் சேர்ந்தவர். காஷ்மீரில் ரோந்தின்போது கண்ணிவெடியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். அதன்பின் சில ஆண்டுகள் யூனிட் ஸ்டோரில் லெட்ஜர் பார்த்துவிட்டு, 17 ஆண்டுச் சேவையுடன் 2022-இல் மருத்துவக் காரணத்தால் விடுவிக்கப்பட்டார். இப்போது வயது 37, இரண்டு குழந்தைகள், போர்க்காயப் பென்ஷன் வருகிறது. அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் மகன், வேலைக்குப் போனால் பென்ஷனை நிறுத்திவிடுவார்கள் என்று பயமுறுத்துகிறார். உள்ளூர் மைத்துனரோ, பட்டம் இல்லாதவனை யார் மதிப்பார்கள் என்று சொல்லி, ஒரே ஆண்டில் பட்டமும் அதன்மேல் எம்.பி.ஏ.வும் வாங்கித் தருவதாக விளம்பரம் செய்யும் நிறுவனத்தில் 4,80,000 ரூபாய் கட்டச் சொல்கிறார். இரண்டு பேச்சுக்கும் நடுவில் மகன் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

ஐயா, உங்கள் கவலை நியாயமானதுதான். ஆனால் ஆறுதல் சொல்லி இந்தப் பதிலை முடித்தால் அந்த 4,80,000 ரூபாய் போய்விடும். அதனால் நேராகவே சொல்கிறேன்.

முதலில் பென்ஷன். உங்கள் மகனின் பிபிஓவை, அதாவது பென்ஷன் வழங்கும் ஆணையை, எடுத்துப் பாருங்கள். அதில் சேவைக்கான கூறு ஒன்றும், காயத்துக்கான கூறு ஒன்றும் தனித்தனியே இருக்கும். காயத்துக்கான தொகை, ராணுவ மருத்துவ வாரியம் எழுதிய ஊன விழுக்காட்டையும் கடைசியாக வாங்கிய ஊதியத்தையும் வைத்துக் கணக்கிடப்பட்டது. சாதாரண டிஸெபிலிட்டி பென்ஷனில் 100 விழுக்காட்டுக்குக் கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு. போர்க்காயத்தால் விடுவிக்கப்பட்டவருக்கு 100 விழுக்காடு என்றால் கடைசி ஊதியத் தொகை முழுவதும். இந்தக் கணக்கில் அவர் நாளை எவ்வளவு சம்பாதிக்கப்போகிறார் என்ற கேள்விக்கு இடமே இல்லை. இழந்த காலுக்குத் தரப்படும் தொகை அது. வேலையில்லாமல் இருப்பதற்குத் தரப்படும் படி அல்ல. வேலைக்குப் போனால் மறுபடி வாரியத்துக்குக் கூப்பிட்டு விழுக்காட்டைக் குறைத்துவிடுவார்கள் என்ற பயமும் வேண்டாம். நிரந்தர ஊனத்துக்கு, அவராகவே மறுஆய்வு கேட்டாலொழிய, முதல் மதிப்பீடே ஆயுளுக்கும் இறுதி என்று பாதுகாப்பு அமைச்சகம் 2001-லேயே ஆணையிட்டுவிட்டது. அதிகாரி நிலைக்குக் கீழே பணிசெய்தவர் மத்திய அரசில் மறுபடி வேலைக்குச் சேர்ந்தால், ஊதியம் நிர்ணயிக்கும்போது அவருடைய ராணுவப் பென்ஷன் முழுவதையும் கணக்கில் எடுக்கக்கூடாது என்பதும் விதி. மருத்துவக் காரணத்தால் விடுவிக்கப்பட்டவரின் டிஸெபிலிட்டி பென்ஷனுக்கு வருமான வரி இல்லை. புதிய வேலையின் சம்பளத்துக்கு மட்டும் வழக்கமான வரி உண்டு. பென்ஷன் உண்மையில் நிற்கும் சந்தர்ப்பம் ஒன்று இருக்கிறதென்றால், ஆண்டுதோறும் ஸ்பர்ஷ் என்ற ராணுவப் பென்ஷன் இணையதளத்தில் தரவேண்டிய வாழ்வுச் சான்றைத் தர மறப்பதுதான்.

அமெரிக்க உறவினர் முழுப் பொய் சொல்லவில்லை. அந்த ஊர்ச் சட்டத்தின் ஒரு மூலையை இந்த ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார். அங்கேயும் விழுக்காட்டின்படி வழங்கப்படும் சாதாரண இழப்பீடு வேலைக்குப் போனதால் குறைவதில்லை. காயத்தால் நிலையான வேலை எதையும் செய்ய இயலாதவர் என்று தீர்மானித்து, மதிப்பீடு 100-க்குக் கீழே இருந்தும் 100 விழுக்காட்டுத் தொகையே வழங்கப்படும் ஒரு பிரிவினருக்குத்தான் அந்தச் சிக்கல் வரும். அதுவும் அவர்கள் அத்தகைய வேலையில் தொடர்ந்து 12 மாதம் நிலைத்தால்தான். உங்கள் மகனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இனி மைத்துனரின் யோசனை. இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. பள்ளிப் படிப்புக்குப் பிறகு இளநிலைப் பட்டத்துக்கு மூன்றாண்டுப் படிப்பு வேண்டும்; அதை ஒரே ஆண்டில் முடித்துத் தருகிறோம் என்பவர் விற்பது காகிதம். அந்தக் காகிதத்தைக் காட்டி அரசு வேலையோ வங்கி வேலையோ வாங்கினால், சான்றிதழ் சரிபார்ப்பில் சிக்கும் நாளில் வேலையும் போகும், வழக்கும் வரும், 17 ஆண்டு காப்பாற்றிய பெயரும் போகும். கட்டச் சொல்கிற பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் யோசியுங்கள். அது கம்யூட்டேஷன் தொகை என்று எழுதியிருக்கிறீர்கள். அதாவது, மாதப் பென்ஷனில் ஒரு பகுதியை 15 ஆண்டுகளுக்கு விட்டுக்கொடுத்து மொத்தமாக வாங்கிய பணம். மாதா மாதம் குறைந்து வரும் பென்ஷனின் விலை அது. உறவினர் முன்னே மதிப்பாக இருக்கும் என்பதற்காக அதைச் செலவழிக்க, உறவினருக்கு யோசனை சொல்லும் உரிமை உண்டே தவிர, கையெழுத்துப் போடும் உரிமை இல்லை.

செக்யூரிட்டி வேலை, பெட்ரோல் பங்க், டிஎன்பிஎஸ்சி ஆகியவற்றைப் பற்றி உங்கள் ஊரில் விசாரிக்க ஆள் இருக்கிறது, அவற்றை விட்டுவிடுகிறேன். உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் நீங்கள் எழுதிய வரிதான் என்னை நிறுத்தியது: ஊரிலுள்ள முன்னாள் படைவீரர்கள், விதவைகள் எல்லோருக்கும் ஸ்பர்ஷ் கணக்கைத் திறந்து, பிடித்தம் எங்கே என்று பார்த்துச் சொல்வது உங்கள் மகன்தான், சாப்பாட்டைக்கூட மறந்து அந்தக் கணக்கில் உட்கார்ந்திருப்பார் என்கிறீர்கள். ஸ்டோர் லெட்ஜரில் அவருக்கு வந்த பழக்கம் இது. இப்படிப்பட்டவரை மார்க்கெட்டிங் படிக்க அனுப்புவானேன்?

அவருக்குப் பொதுத்துறை வங்கிகளின் கிளார்க் வேலை பொருந்தும். இந்த வங்கிகளுக்கு ஆள்தேர்வு நடத்தும் ஐபிபிஎஸ் இப்போது அதைக் கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட் என்று அழைக்கிறது. பட்டதாரிகள் லட்சக்கணக்கில் எழுதும் தேர்வாயிற்றே என்று தயங்காதீர்கள். பத்தாம் வகுப்புத் தேறி, ராணுவத்தின் சிறப்புக் கல்விச் சான்றைப் பெற்று, 15 ஆண்டுகளுக்குக் குறையாமல் பணிசெய்த முன்னாள் படைவீரர், பட்டம் இல்லாமலே இதற்கு விண்ணப்பிக்கலாம். அந்தச் சான்று அவரிடம் இருந்தால், மைத்துனர் 4,80,000 ரூபாய்க்கு விலைபேசும் தகுதியை உங்கள் மகன் ஏற்கெனவே சம்பாதித்துவிட்டார். வயது வரம்பு 28. அதனுடன் சேவைக்காலம் 17-ஐயும் சலுகை ஆண்டுகள் 3-ஐயும் கூட்டினால் 48 ஆகிறது. உச்சவரம்பான 50-க்குள் இது அடங்குவதால் அவருக்கு இன்னும் நிறையக் காலம் இருக்கிறது.

இந்த வங்கிகளின் கிளார்க் பணியிடங்களில் 14.5 விழுக்காடு முன்னாள் படைவீரர்களுக்கு உரியது. அதற்குள் 4.5 விழுக்காடு, ஊனமுற்ற முன்னாள் படைவீரர்களுக்கும் போர் நடவடிக்கையில் உயிர்நீத்தவர்களின் குடும்பத்தாருக்கும் தனியாக ஒதுக்கப்பட்டது. விண்ணப்பப் படிவத்தில் இதற்கென்று தனிக் கட்டம் இருந்தும், பலர் வெறும் முன்னாள் படைவீரர் என்று குறித்துவிட்டுப் போகிறார்கள். ஊனமுற்ற முன்னாள் படைவீரர் என்பதற்கு இங்கே பொருள் குறுகலானது: எதிரிக்கு எதிரான நடவடிக்கையிலோ, கலவரப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்திலோ ஊனமடைந்திருக்க வேண்டும். அமைதிப் பகுதிப் பாசறையில் விளையாடி முழங்கால் கெட்டவருக்கு டிஸெபிலிட்டி பென்ஷன் வந்தாலும் இந்தக் கட்டம் பொருந்தாது. காஷ்மீர்க் கண்ணிவெடியில் காலிழந்த உங்கள் மகனுக்குப் பொருந்தும். டிஸ்சார்ஜ் புக், பிபிஓ, மருத்துவ வாரிய அறிக்கை மூன்றிலும் காயம் எங்கே, எப்படி ஏற்பட்டது என்ற வரி ஒன்றுபோல் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். மாறியிருந்தால் திருத்தத்துக்கு, அவருடைய படைப்பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அந்தக் கடிதத்தை எழுத உதவுவார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு அடையாள அட்டையை, ராணுவ வாரியத்தின் விழுக்காடு கையில் இருந்தாலும், அரசு மருத்துவமனை மூலம் தனியாகத்தான் பெறவேண்டும்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. சும்மா இருப்பானேன் என்று கிடைக்கிற முதல் அரசு வேலையில் நிரந்தரமாகச் சேர்ந்துவிட்டால், முன்னாள் படைவீரர் ஒதுக்கீடு அத்துடன் செலவாகிவிடும். அதன்பின் மிஞ்சுவது வயதுச் சலுகைதான். சேர்வதற்கு முன்பே வேறு தேர்வுகளுக்கு விண்ணப்பித்திருந்தால், எந்தத் தேதியில் எதற்கு விண்ணப்பித்தார் என்ற உறுதிமொழியைச் சேர்ந்த உடனே அந்த அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து, அவற்றுக்கு மட்டும் உரிமையைக் காப்பாற்றிக்கொள்ளலாம். 2014-இல் மத்திய அரசு தந்த வழி அது. ஒப்பந்த வேலைக்கும் தனியார் வேலைக்கும் இந்தத் தடை இல்லை.

தேர்வு கடினமானதுதான். முதல்நிலைத் தேர்வில் ஒரு மணி நேரத்தில் 100 கேள்விகள்: ஆங்கிலம் 30, கணக்கு 35, பகுத்தறிதல் 35, ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம். ஆங்கிலப் பகுதியைத் தவிர மற்றவற்றைத் தமிழிலேயே எழுதலாம். நேர்முகத் தேர்வு கிடையாது. முதன்மைத் தேர்வின் மதிப்பெண்தான் முடிவு செய்யும். விண்ணப்பிக்கும் மாநிலத்தின் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பது விதியாகையால், தமிழில் பள்ளிப்படிப்பை முடித்தவருக்கு இங்கே கவலை இல்லை. கணக்கு அவருக்கு வரும். வேகம்தான் பழக வேண்டும். ஆங்கிலத்துக்கு நீங்களே இருக்கிறீர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டில் இருக்கும்போது அதற்கு வெளியே பணம் கட்டுவது எனக்குச் சம்மதமில்லை. பழைய வினாத்தாள்களும், கணினியில் எழுதும் மாதிரித் தேர்வுகளும் போதும். செலவு சில ஆயிரங்களுக்குள் அடங்கிவிடும்.

மைத்துனரிடம் மறுப்புச் சொல்ல உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் இந்தப் பதிலைப் படித்துக்காட்டுங்கள். அதற்கு முன் மகனிடம் கேளுங்கள். கடிதம் முழுவதும் அவரைப் பற்றியதாக இருந்தும், அவர் என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. கவுண்டருக்குப் பின்னால் உட்கார அவருக்கு விருப்பமில்லை என்றால், நான் மேலே எழுதியதையும் ஒதுக்கிவிட்டு அவரையே என்னிடம் பேசச் சொல்லுங்கள்.