காலையில் மட்டும் பற்றாத பாய்லர்: போர்டை மாற்றுவதற்கு முன்

கேள்வி: தேவிகுளத்துக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தை ஒட்டி ஆறு அறைகள் கொண்ட தங்குமிடம் நடத்துகிறோம். குளியல் வெந்நீருக்கும் அறைகளைச் சூடாக்குவதற்குமாக 24 கிலோவாட் கேஸ் பாய்லர் ஒன்றைச் சுவரில் மாட்டி, 19 கிலோ சிலிண்டர் ஒன்றில் ஓட்டுகிறோம். மார்கழி பிறந்ததிலிருந்து விடியற்காலையில் 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும் கேட்கிறது. மூன்று முறை முயன்றுவிட்டுச் சிவப்பு விளக்குப் போட்டுப் பூட்டிக்கொள்கிறது. ஒன்பது மணிக்கு மேல் தானாகச் சரியாகிவிடுகிறது. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும், பகலிலும்கூட, பற்றிய தீ மூன்று நான்கு நொடியில் அணைந்துவிடுகிறது. பார்க்க வந்தவர் கண்ட்ரோல் போர்டு போய்விட்டது, 18,000 ரூபாய் ஆகும் என்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். காலை ஐந்தரைக்குக் கெட்டுப்போன போர்டு ஒன்பது மணிக்குப் பிழைத்துக்கொள்வது அபூர்வம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களிடம் இருப்பது ஒரு கோளாறு அல்ல, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கோளாறுகள். இரண்டுமே பாய்லருக்கு வெளியில் இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

பாய்லர் பற்றுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. வெந்நீர் கேட்டவுடன் முதலில் மின்விசிறி சுழன்று, உள்ளே தங்கியிருக்கும் காற்றை வெளியேற்றுகிறது. காற்று ஓடுவதை அழுத்த சுவிட்ச் உறுதி செய்த பிறகே பொறி அடிக்கிறது. கூடவே கேஸ் வால்வு திறக்கிறது. சில நொடிகளுக்குள் தீ எரிவதை உணர்கம்பி போர்டுக்குச் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் வால்வு மூடிவிடும். இப்படிச் சில முறை முயன்று தோற்றால் அது பூட்டிக்கொள்கிறது. ஆகவே 'லாக்அவுட்' என்பது நோயின் பெயரல்ல. எந்தப் படியில் நின்றது என்பதைக் கண்ணாலும் காதாலும் கவனித்தால்தான் நோய் பிடிபடும். விசிறியே சுழலவில்லையா, பொறி அடித்தும் தீ வரவில்லையா, வந்த தீ அணைகிறதா என்ற மூன்று கேள்விகளில் பாதி வேலை முடிந்துவிடும். உங்கள் காலைக் கோளாறு இரண்டாவது வகை, இன்வெர்ட்டர் கோளாறு மூன்றாவது வகை.

காலைக் கோளாற்றை முதலில் எடுத்துக்கொள்வோம். நம் நாட்டுச் சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே ஆவியாகும். பியூட்டேனோ ஏறத்தாழ சுழியம் டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண காற்றழுத்தத்தில் ஆவியாகவே ஆகாது. உங்கள் பக்கம் மார்கழி, தை விடியலில் புல்மேல் வெள்ளைப் பனி படிகிறது என்றால், சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு தாழ்ந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். போதாததற்கு, ஆவியாவதற்கான சூட்டைத் திரவம் தன்னிடமிருந்தும் சிலிண்டரின் இரும்பிலிருந்தும்தான் எடுத்துக்கொள்கிறது; எடுக்க எடுக்க இன்னும் குளிர்கிறது. 24 கிலோவாட் பாய்லர் முழு வேகத்தில் எரிந்தால் மணிக்கு ஏறக்குறைய 2 கிலோ கேஸ் வேண்டும். அந்தக் குளிரில் தனியாக நிற்கும் ஒரு சிலிண்டரால், அதுவும் பாதி தீர்ந்த பிறகு, அந்த அளவைத் தொடர்ந்து கொடுக்க முடியாது. புரோப்பேன் முந்திக்கொண்டு ஆவியாவதால், சிலிண்டர் தீரத் தீரப் பியூட்டேனின் பங்கு கூடி நிலைமை மேலும் மோசமாகும். புதுச் சிலிண்டர் மாட்டிய முதல் சில நாள்கள் காலையில் தொல்லை குறைவாக இருந்ததா என்று நினைத்துப் பாருங்கள்.

இதை நீங்களே சோதிக்கலாம். விருந்தினர் எல்லோரும் குளித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் சிலிண்டரின் மேலிருந்து கீழாக உள்ளங்கையால் தடவுங்கள். மேல்பகுதி வெறும் குளிர்ச்சியாக இருக்கும். ஓரிடத்தில் சட்டென்று கை சில்லிட்டு ஈரமாகும், சில நாள் மெல்லிய பனிப்படலமே விரலில் ஒட்டும். அந்தக் கோடுதான் திரவத்தின் மட்டம். கோடு தெரிந்த அதே நேரத்தில் பாய்லர் தடுமாறினால், குற்றவாளி சிலிண்டர்தான்.

பலர் செய்வதுபோல் சிலிண்டர்மேல் வெந்நீர் ஊற்றாதீர்கள். நெருப்பு அருகில் வைக்கவே வேண்டாம். படுக்கவைத்தால் கேஸ் நன்றாக வரும் என்று சொல்பவர்களும் உண்டு. அப்போது திரவமே ரெகுலேட்டருக்குள் போகும், அது பெரும் ஆபத்து. சரியான வழி, உங்கள் ஏஜென்சி மூலமாக இரண்டு மூன்று வணிகச் சிலிண்டர்களை மேனிஃபோல்டு குழாயில் இணைத்துக்கொள்வதுதான். சுமை பங்கிடப்படுவதால் ஒவ்வொன்றும் குளிர்வது குறையும். காலை வெயில் முதலில் விழும் சுவரோரம், காற்றோட்டமுள்ள திறந்த இடமாகப் பார்த்து வையுங்கள். இந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது என்பதால் பள்ளமும் சாக்கடை வாயும் அருகில் இருக்கக் கூடாது. ரெகுலேட்டர் பாய்லரின் தேவைக்குப் போதுமானதா என்பதையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். வீட்டு அடுப்புக்கான சின்ன ரெகுலேட்டரைப் பாய்லருக்கு மாட்டியிருப்பதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

இன்வெர்ட்டர் விஷயம் வேறு கதை. தீயின் வழியே மிகச் சிறிய மின்சாரம், மைக்ரோ ஆம்பியர் கணக்கில், ஒரு திசையில் மட்டும் ஓடும். உணர்கம்பியிலிருந்து தீ வழியாகப் பர்னரின் உடலுக்கும் அங்கிருந்து எர்த்துக்கும் அது போவதைப் பார்த்துத்தான் போர்டு 'தீ எரிகிறது' என்று முடிவு செய்கிறது. மின்வாரிய இணைப்பில் நியூட்ரல் எங்கோ ஓரிடத்தில் எர்த்துடன் இணைந்திருப்பதால் இந்தச் சுற்று முழுமையாகிறது. பல இன்வெர்ட்டர்களின் வெளியீட்டில் அந்த இணைப்பு இருப்பதில்லை. எனவே தீ கண்முன்னே நீலமாக எரிந்துகொண்டிருந்தாலும் போர்டின் கணக்கில் தீ இல்லை. 'டக்' என்று வால்வை மூடிவிடுகிறது. ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தாலும், எர்த் குழி காய்ந்து கிடந்தாலும் இதே அறிகுறிதான்.

உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையிலான வோல்டேஜை மின்வாரிய கரண்டில் ஒரு முறையும் இன்வெர்ட்டரில் ஒரு முறையும் அளக்கச் சொல்லுங்கள். முதலாவதில் ஓரிரு வோல்ட்டும் இரண்டாவதில் பல பத்து வோல்ட்டும் காட்டினால் சந்தேகம் உறுதி. நீங்களாக ஒரு கம்பியை எடுத்து நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்துவிடாதீர்கள். உங்கள் இன்வெர்ட்டரின் அமைப்புக்கு ஏற்ப அவர் செய்ய வேண்டிய வேலை அது. சதுர அலை இன்வெர்ட்டராக இருந்தால், சைன் அலை இன்வெர்ட்டருக்கு மாறுவதும் நல்லது.

இவை இரண்டும் சரியான பிறகும் தொல்லை இருந்தால் மட்டும் பாய்லரைத் திறக்கலாம். மலைப்பகுதியின் ஈரத்தில் உணர்கம்பியில் துருவும் கரியும் ஏறும். சர்வீஸ் செய்பவர் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, பீங்கான் விரிசல் விட்டிருக்கிறதா என்றும் பார்ப்பார். மூடுபனி நீர் அழுத்த சுவிட்சின் ரப்பர் குழாயில் தேங்குவதும், பர்னர் துளையில் சிலந்தி கூடு கட்டுவதும், புகைக்குழாயில் பறவை கூடு வைப்பதும் நடப்பவைதான்.

ரீசெட் பொத்தானை இரண்டு முறைக்கு மேல் அழுத்தாதீர்கள். பற்றாமல் போன ஒவ்வொரு முயற்சியிலும் கொஞ்சம் கேஸ் உள்ளே போகிறது. கடைசியில் பற்றும்போது 'டம்' என்று வெடித்துப் பற்றும். கேஸ் நாற்றம் அடித்தால் எந்த மின் சுவிட்சையும் தொடாமல், சிலிண்டர் வால்வை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரையும் வெளியேற்றுங்கள். வெளியே வந்த பிறகு 1906 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. கொச்சியிலோ மதுரையிலோ இருக்கும் காற்றுக்கு அமைத்த பர்னர் உங்கள் ஊரில் மூச்சுத் திணறிக் கார்பன் மோனாக்சைடை அதிகமாகக் கக்கக்கூடும்; அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பாய்லரை மாட்டியவர் உங்கள் உயரத்துக்கேற்ப அமைத்தாரா என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால், போர்டுக்கென்று ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைப் புகை வாயுவை அளப்பதற்கும், பாய்லர் அறைக்கும் அதை ஒட்டிய படுக்கையறைக்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்குவதற்கும் செலவிடுங்கள்.